இரண்டாவது படிவம்

1994இல், பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையின் மேல்மாடியில், சனிக்கிழமைதோறும் நான் உத்தமர்களைச் சந்தித்தேன். ஆண்களை விரும்பும் ஆண்களிடையே போதை ஊசியால் எச்.ஐ.வி. எப்படிப் பரவுகிறது, எப்படித் தடுக்கலாம் என்று டாக்டர் உமையாள் ஆய்வு செய்துகொண்டிருந்தார். படிவம் கொடுத்து வாங்குவது என் வேலை. கல்லூரிப் படிப்புக்குக்கூட நான் அவ்வளவு கடினமாக உழைத்ததில்லை.

முப்பத்தெட்டுப் பேர் வந்தார்கள், தேநீர் குடித்தார்கள், நாற்பது கேள்விகளுக்கும் ‘இல்லை’ என்று எழுதிவிட்டுப் போனார்கள். இப்படியே போனால் ஆணுறையும் ஊசி கழுவும் மருந்தும் இங்கே யாருக்கும் தேவையில்லை என்றுதான் அறிக்கை எழுத வேண்டும் என்றார் டாக்டர்.

முப்பத்தொன்பதாவது ஆள் வாசு, காப்பார் ஊரில் லோரி ஓட்டுபவர். ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் எழுதினார். வாங்கிப் படித்தேன். போதை, ஊசி, உறை போடாத நாட்கள், எல்லாம் இருந்தன. மேலே, யாரும் கேட்காத இடத்தில், முழுப்பெயர், தகப்பன் பெயர், ஐசி என்கிற அடையாள அட்டை நம்பர், வீட்டு முகவரி. ஒவ்வொரு பதிலின் மேலும் ஒரு கையெழுத்து. இந்த நாட்டில் எந்தப் படிவம் கிடைத்தாலும் நமக்குக் கை தானாக அப்படித்தான் போகும்.

“அண்ணே, பேரு எழுதக் கூடாது லா. இது போலீஸ் கையில கெடைச்சா உங்கள உள்ள வச்சிருவாங்க.”

அவர் முகம் வெளுத்துப்போனது. வேலை போய்விடும், அம்மாவுக்குத் தெரிந்துவிடும் என்று முணுமுணுத்தார். படிவத்தை அவரிடமே கொடுத்து, கிழித்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம், யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள் என்றேன்.

“கிழிச்சா, எழுதுனது?”

“அதுவும் போயிரும் அண்ணே.”

பொடிப்பொடியாகக் கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு படி வரைக்கும் போனார். பிறகு திரும்பி வந்து உட்கார்ந்தார்.

“வேற ஃபாரம் ஒன்னு குடு தம்பி.”

பயமாக இல்லையா என்று கேட்டேன்.

“இப்பத்தான பயமே வந்திருக்கு. குடு.”

இந்த முறை எழுத்து கோணிக்கொண்டு போனது. பெயர் இல்லை. பதில்கள் அதேதான், ஒன்றைக்கூட அவர் குறைத்துச் சொல்லவில்லை. ஒரே ஒரு பதில் மட்டும் மாறியிருந்தது. ஊசியை யாரோடு பகிர்ந்துகொள்கிறீர்கள் என்ற இடத்தில் முதலில் ‘ரூம்மேட்’ என்றிருந்தது. இப்போது, ‘எட்டு வருஷமா நான் நேசிக்கிறவர். அவருக்கும் ரத்தம் டெஸ்ட் பண்ணணும்.’

படித்து முடித்த பிறகுதான், நான் எழுந்து நின்றுகொண்டிருக்கிறேன் என்பது எனக்குத் தெரிந்தது.