கர்னல் நீட்டாத கிளாஸ்

எங்கள் குடியிருப்பில் ரகசியம் தங்காது. அதற்கு என்னைக் குற்றம் சொல்பவர்கள் இருக்கிறார்கள், சொல்லட்டும். உண்மையான காரணம் இரண்டாம் மாடியில் எனக்குப் பக்கத்து வீட்டு எவெர்ட் நூர்லிங்கும், அவருக்கு நேர் மேலே மூன்றாம் மாடியில் குடியிருந்த கர்னல் ஹென்னிங் வால்ஸ்டெட்டும்தான். இருவரும் ஆயுள் முழுக்கப் பீரங்கிக்குப் பக்கத்தில் நின்றவர்கள். காது போய்விட்டது. அவர்கள் படிக்கட்டில் நின்று மெதுவாகப் பேசினால் கீழே சைக்கிள் அறையில் இருப்பவனுக்குக் கேட்கும். பிறகு என்னைப் பார்த்து, கெர்ட் ஒட்டுக்கேட்கிறாள் என்றால் நான் என்ன செய்ய, காதில் மெழுகா ஊற்றிக்கொள்ள முடியும்?

கர்னல் சாதாரண ஆள் இல்லை. இந்த ஊர்ப் பீரங்கிப் படைக்கு இளம் அதிகாரியாக வந்து, கேப்டனாகி, மேஜராகி, கடைசியில் படைக்கே தலைவராகி ஓய்வு பெற்றவர். மார்பில் மெடல் குத்த இடம் பார்த்துக் குத்த வேண்டும். அவருடைய அறுபதாவது பிறந்தநாளுக்கு உள்ளூர்ப் பத்திரிகை அரைப் பக்கம் படம் போட்டது. படை வாத்தியக்காரர்கள் காலையிலேயே வந்து முற்றத்தில் ஊதினார்கள். என் ஜன்னல் ஜெரேனியம் பூச்செடி இரண்டு நாள் வாடிப்போய் இருந்தது. ஸ்டாக்ஹோமில் ஜெனரல் பதவி காத்திருந்ததாகவும் அவர் வேண்டாம் என்றதாகவும் பேச்சு. ஏரிக்கரையில் மாளிகை மாதிரி வீடு வாங்கியிருக்கலாம். அதை விட்டுவிட்டு, மனைவி சிக்ரிட் இறந்த வருடம், லிஃப்ட் கூட இல்லாத எங்கள் கட்டிடத்தில், அதுவும் தனக்குக் கீழே வேலை பார்த்த சார்ஜென்ட்டின் தலைக்கு மேலே வந்து குடியேறினார். ஏன் என்று நான் எல்லோரையும் கேட்டுவிட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை.

இன்னொரு விசித்திரமும் உண்டு. அந்தக் காலத்தில் நாம் யாரையும் வாய்க்கு வந்தபடி கூப்பிட முடியாது. டாக்டரை டாக்டர் என்றும், பாதிரியாரைப் பாதிரியார் என்றும், முகத்துக்கு நேரே நின்றுகொண்டே எங்கோ இருக்கும் மூன்றாம் மனிதரைப் பற்றிக் கேட்பதுபோல் கேட்க வேண்டும். பட்டத்தை விட்டுப் பெயர் சொல்ல வேண்டுமானால் இருவரும் ஆளுக்கொரு கிளாஸ் சாராயம் எடுத்து, கண்ணைப் பார்த்துக் குடிக்க வேண்டும். அந்தக் கிளாஸை நீட்டும் உரிமை மூத்தவருக்கு, மேலே உள்ளவருக்கு மட்டும். கீழே உள்ளவர் எத்தனை வருடமானாலும் காத்திருக்க வேண்டியதுதான். பிறகு ஒருநாள் நாடே மனம் மாறி, எல்லோருக்கும் எல்லோரும் நீ என்று ஆகிவிட்டது. தபால்காரப் பையன்கூடக் கர்னலை "ஹென்னிங், உனக்கு ஒரு பார்சல்" என்பான். கர்னலும் கோபித்துக்கொள்ள மாட்டார். ஆனால் எவெர்ட்டும் அவரும் மட்டும் பழைய காலத்திலேயே நின்றுவிட்டார்கள்.

"கர்னல் பாத்து இறங்கணும், படியெல்லாம் பனித்தண்ணி."

"சார்ஜென்ட் வழுக்காம உப்பு போட்டாச்சா?"

"போட்டாச்சு. கர்னல் ராத்திரி நல்லாத் தூங்கினாரா?"

"தூங்கினார். சார்ஜென்ட்?"

இதற்கு மட்டும் எவெர்ட் பதில் சொல்ல மாட்டார். பனியைத் தள்ளப் போய்விடுவார்.

அவர் நிம்மதியாகத் தூங்குவதில்லை என்பது எனக்குத் தெரியும். என் படுக்கையும் அவர் படுக்கையும் ஒரே சுவரின் இரு பக்கம். மனிதர் தூக்கத்தில் எண்ணுவார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நிறுத்துவார். மறுபடி ஒன்று. கண்ணீர் வராமல் அழுகிற குரல் அது. ஆரம்பத்தில் சுவரைத் தட்டலாமா என்று நினைத்திருக்கிறேன். பிறகு, ஒரு நவம்பரில், துணி துவைக்கும் அறையில் அவர் மனைவி ஆல்வா வாய் திறந்தாள்.

அன்று துவைக்கும் முறை அவளுடையது. நான் மறந்துபோன காலுறையைத் தேடுவதுபோல் உள்ளே போனேன்.

"எந்தக் காலுறை, கெர்ட்? போன வாரமும் இதே காலுறைதான் தேடின."

"இன்னொண்ணு. அதை விடு. எவெர்ட்டுக்கு உடம்பு எப்படி?"

"இதயம் பாதிதான் வேலை செய்யுதாம். டாக்டர் வசந்தம் வரைக்கும்னு சொல்றார், அதுவும் சும்மா சொல்றார்." ஆல்வா போர்வையின் ஒரு முனையை என்னிடம் நீட்டினாள். இருவரும் இழுத்து மடித்தோம். "அவருக்கு மருந்து வேணாமாம். ஒரே ஒண்ணுதான் வேணுமாம். மேல்வீட்டுக்காரர் ஒரு கிளாஸ் நீட்டணும்."

"சாராயமா? இந்த உடம்புலயா?"

"போடி. பட்டத்தை விட்டுட்டுப் பேர் சொல்றதுக்குக் குடிக்கிற கிளாஸ். முப்பது வருஷமா காத்துட்டிருக்கார்."

அப்போதுதான் கதை முழுவதும் வந்தது. ஐம்பதுகளில், குளிர்காலப் பயிற்சியில், எவெர்ட் ஒரு பீரங்கிக்குப் பொறுப்பு. வால்ஸ்டெட் அப்போது கேப்டன். எவ்வளவு தூரம், எந்தக் கோணம், எத்தனை மருந்துப் பை என்று அவர்தான் கணக்குப் போட்டுச் சொல்வார். பீரங்கிக்கு வெடிமருந்து சிறு சிறு பைகளாக வரும். கிட்டே சுட வேண்டுமானால் குறைவாக, தூரத்துக்கு அதிகமாக. அன்று நான்கு பை என்று உத்தரவு. எவெர்ட் நான்கு போட்டுச் சுட்டார். மீதிப் பைகளைப் பனியில் வரிசையாக வைத்து, "மிச்சம் எண்ணிப் பாக்கலாம், கேப்டன்" என்று கத்தினார். அதுதான் முறை. அதிகாரி வந்து மிச்சத்தை எண்ணிப் பார்த்து, "மிச்சம் சரி" என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் மிச்சத்தைக் கொளுத்துவார்கள்.

ஆனால் குண்டு போகவேண்டிய இடத்துக்குப் போகவில்லை. கிட்டேயே விழுந்தது. அங்கே ஒரு மரக்குடிசையில், கட்டாயச் சேவைக்கு வந்த சுனே என்ற இளைஞன் டெலிபோன் பிடித்துக்கொண்டிருந்தான். இருபது வயது நிரம்பவில்லை.

"கேப்டன் வந்து மிச்சத்தைப் பாக்கவே இல்லை, கெர்ட். கொளுத்துங்கன்னுட்டார். பனி மேல மஞ்சளா எரிஞ்சுதாம், இவர் இன்னும் சொல்வார். அப்புறம் விசாரணை. தூரம், கோணம் எல்லாம் நான் சரிபாத்துட்டேன்னு கேப்டன் சொன்னார். அப்போ வேற யார் தப்பு? பை ஒண்ணு குறைஞ்சிருக்கும்னு முடிவு கட்டிட்டாங்க. இவர்கிட்ட காட்ட ஒண்ணும் இல்லை, எல்லாம் சாம்பல்."

"தண்டனை?"

"தண்டனை எதுவும் இல்லை. பதவி மட்டும் அங்கேயே நின்னுபோச்சு. அதுகூடப் பரவாயில்லை. நான் நாலுதான் போட்டேன் ஆல்வான்னு முதல் வருஷம் சொன்னார். அடுத்த வருஷம், நாலுன்னுதான் நினைக்கிறேன்னார். இப்போ சொல்றதே இல்லை, எண்ணிட்டே இருக்கார். கர்னல் கிளாஸ் நீட்டினா என்னை மன்னிச்சுட்டார்னு அர்த்தம்கிறார். நீட்டலைன்னா, அந்தப் பையனைக் கொன்னது நான்தான்னு அவருக்கும் தெரியும்னு அர்த்தமாம்."

போர்வை மடித்தாகிவிட்டது. நாங்கள் இருவரும் அதை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றோம்.

எனக்கு இதயம் இளகினால் கால் சும்மா இருக்காது. அன்று மாலையே இலவங்கப்பட்டை ரொட்டி நாலைந்து தட்டில் வைத்துக்கொண்டு மூன்றாம் மாடி ஏறினேன். கர்னல் பின்னல் சட்டையோடு கதவைத் திறந்தார். காதுக்கருவி விசில் அடித்தது.

"என்ன கெர்ட், என்ன விசேஷம்?"

"விசேஷம் கீழ்வீட்ல. எவெர்ட் வசந்தம் பாக்க மாட்டாராம்."

அவர் தட்டை வாங்கவில்லை. நான் வெட்கம் இல்லாதவள், தொடர்ந்தேன். "ஒரு கிளாஸ் நீட்டினா உங்க மெடல் ஒண்ணும் உதிர்ந்துடாது, ஹென்னிங்." வயதானவர், மரியாதையோடு பேசியிருக்கிறேன், கவனியுங்கள்.

"கிளாஸ் நீட்ட எனக்கு என்ன தகுதி இருக்கு?" என்றார். கதவைச் சாத்திவிட்டார். ரொட்டி என் கையில். அந்த வார்த்தை எனக்குப் புரியவில்லை. தகுதி இல்லாதது கீழே இருப்பவருக்கு அல்லவா?

ஞாயிற்றுக்கிழமை மதியம், ஆல்வாவின் அடுக்களையில் நான் காட்டு ரோஜாப் பழக் கூழைச் சூடாக்கிக்கொண்டிருந்தேன். மணி அடித்தது. வாசலில் கர்னல். கறுப்புக் கோட்டு, கழுத்துப்பட்டி, ஒரு கையில் பாட்டில், இன்னொரு கையில் இரண்டு சின்னக் கிளாஸ். சவரம் செய்தபோது தாடையில் வெட்டுப்பட்டிருந்தது.

"சார்ஜென்ட் முழிச்சிருக்காரா?"

ஆல்வா விலகி வழிவிட்டாள். படுக்கையறைக் கதவைச் சாத்த யாருக்கும் தோன்றவில்லை. சாத்தியிருந்தாலும் கேட்டிருக்கும்.

கிளாஸைப் பார்த்ததும் எவெர்ட் எழுந்திருக்க முயன்றார். முடியவில்லை. காலைத் தரையில் ஊன்றிக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, பைஜாமாச் சட்டையின் மேல் பட்டனைத் தேடிப் போட்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. ஆல்வா என் முழங்கையை இறுக்கினாள்.

"ரொம்ப லேட்டு," என்றார் கர்னல், உரத்த குரலில். "வயசுல மூத்தவன், நான்தான் கேட்கணும். என் பேர் ஹென்னிங்."

"என் பேர் எவெர்ட்."

கண்ணைப் பார்த்துக் குடித்தார்கள். எவெர்ட் சிரித்தார். "ஹென்னிங்," என்று சொல்லிப் பார்த்தார், வாயில் சர்க்கரைக் கட்டி வைத்ததுபோல. "உக்காரு, ஹென்னிங். ஆல்வா! ஹென்னிங்குக்கு நாற்காலி!"

கர்னல் உட்காரவில்லை.

"எவெர்ட், நீ நாலுதான் போட்ட."

"என்னது?"

"நாலு பை. நீ சரியாத்தான் போட்ட. கோணத்தை நான் தப்பாச் சொன்னேன். அட்டவணையில ஒரு வரி தள்ளிப் படிச்சுட்டேன். நான் சொன்ன இடத்துலதான் குண்டு விழுந்துது."

கூழ் பொங்கி அடுப்பில் வழிந்தது. நான் அசையவில்லை.

எவெர்ட் காலியான கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். "எப்போ தெரியும்?"

"எப்போன்னா..."

"மிச்சத்தைக் கொளுத்தச் சொன்னப்போ தெரியுமா?"

கர்னலின் காதுக்கருவி விசில் அடித்தது. கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். எல்லோரும் நம்பியிருப்பார்கள்.

"தெரியும்," என்றார். "எண்ணினா உன் கணக்கு சரின்னு வந்துடும். அப்புறம் என் கணக்கைத்தான் பாப்பாங்க. அதனாலதான். ஒவ்வொரு வருஷமும் சொல்லிடணும்னு நினைச்சேன். மேஜரானதும் சொல்லலாம், கர்னலானதும் சொல்லலாம்னு. சொல்லத்தான் இந்தக் கட்டிடத்துக்கே வந்தேன். உன்னைத் தினம் படியில பாத்தேன், எவெர்ட்."

பிறகு எவெர்ட் கிளாஸைக் கட்டில் பக்கத்து மேசையில் வைத்தார். துளி சத்தம் வராமல் வைத்தார். அந்த மெலிந்த முதுகு நிமிர்ந்தது.

"கர்னல் வீட்டுக்குப் போகலாம்," என்றார். "படி ஈரமா இருக்கும். கர்னல் பாத்து ஏறணும்."

கர்னலின் தலை ஒருமுறை அசைந்தது. பாட்டிலை அங்கேயே விட்டுவிட்டு வெளியே போனார். அவர் படி ஏறும் சத்தம் நின்று நின்று கேட்டது.

அன்று இரவிலிருந்து என் சுவர் அமைதியாகிவிட்டது. ஒன்று இல்லை, இரண்டு இல்லை. அவர் தூங்கினார். நான்தான் தூங்காமல், எண்ணுவாரா என்று காத்துக் கிடந்தேன். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் அப்படியே தூக்கத்தில் போய்விட்டார். அதுவரை கர்னலை அவர் மறுபடி பார்க்கவும் இல்லை, அவரைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை சொல்லவும் இல்லை. ஆல்வாதான் சொன்னாள், நிறையச் சொன்னாள். அதையெல்லாம் எழுத முடியாது.

சவ அடக்கத்துக்குக் கர்னலை யாரும் கூப்பிடவில்லை. வந்தார். கடைசி வரிசையில் சீருடையில் உட்கார்ந்திருந்தார். ஒரு மெடல்கூட இல்லை. மெடல் இருந்த இடங்களில் துணி மட்டும் அடர் நிறமாகத் தெரிந்தது. பாட்டு முடிந்ததும் வழக்கப்படி ஒவ்வொருவராகப் பெட்டிக்கு அருகே போய்ப் பூ வைத்து, மனதுக்குள் இரண்டு வார்த்தை சொல்லித் திரும்பினோம். எல்லோருக்கும் கடைசியாக அவர் போனார். பூவை வைத்தார். விறைப்பாக நின்றார். மனதுக்குள் முணுமுணுப்பதாகத்தான் அவர் நினைத்திருக்க வேண்டும். பாவம், காது கேட்காத மனிதர். தேவாலயம் முழுவதும் கேட்டது.

"சார்ஜென்ட் நூர்லிங். மிச்சம் சரி."

பழைய படைக்காரர்கள் ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். அந்த இரண்டு வார்த்தையின் அர்த்தம் தெரிந்தவர்கள். முதலில் ஒருவர் திரும்பிக் கர்னலைப் பார்த்தார், பிறகு எல்லோரும். அவர் இளம் அதிகாரியாக வந்த நாளிலிருந்து சேர்த்த மரியாதை முழுவதும் அந்த நிமிடத்தில் அங்கே இறங்கிப்போயிற்று. சொன்னது மற்றவர்களுக்குக் கேட்டது என்றே அவருக்குத் தெரியாது என்று நான் நினைத்தேன். திரும்பி வரும்போது முகத்தைப் பார்த்தேன். தெரிந்துதான் சொல்லியிருக்கிறார்.

பிறகு தேவாலயக் கூடத்தில் காபி. இறால் வைத்த சாண்ட்விச் கேக், ஏழு வகை பிஸ்கட். ஆல்வா எதிலும் குறை வைக்கவில்லை. கர்னல் ஓரத்து மேசையில் தனியாக உட்கார்ந்தார். அவருக்கு முன்னாலும் ஒரு கோப்பை இருந்தது. ஆல்வா கெட்டிலைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு மேசையாக வந்தாள். ஒருவரையும் விடாமல் பெயர் சொல்லிக் கேட்டு ஊற்றினாள். அவர் மேசைக்கு வந்தாள். நின்றாள். கெட்டிலில் காபி இருந்தது, ஆவி வந்துகொண்டிருந்தது. ஒன்றும் கேட்காமல் அடுத்த மேசைக்குப் போய்விட்டாள்.

கர்னல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு அந்தக் காலிக் கோப்பையை எடுத்து, எதிரே யாரோ உட்கார்ந்திருப்பதுபோல், அவர் கண்ணைப் பார்ப்பதுபோல் நேராகப் பார்த்து, உதட்டில் வைத்து, மெதுவாகக் கீழே வைத்தார்.