மூன்று எம்.பி. குறைகிறது

1

இந்தக் கதை என் கோபத்தில் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். மூத்த மகளின் கல்யாணத்தில் இளையவள் தன் போனில் எடுத்த நானூற்றுப் பன்னிரண்டு படங்களையும் துளி குறையாமல் தருவதாகச் சம்பந்தியிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். கணினியில் நானே காப்பி செய்தேன். எண்ணிக்கை சரி. ஆனால் போனில் ஐந்து எம்.பி. இருந்த படம் கணினியில் இரண்டுதான் காட்டியது. எங்கள் வீட்டிலிருந்து எதுவும் குறைவாகப் போனதில்லை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "அன்று வானமும் பெரியவரின் மனமும் கறுத்து..."

(அடித்துவிட்டேன். அன்று நல்ல வெயில்.)

கேபிளை மாற்றி மூன்று முறை செய்தும் அதே அளவு. இளையவளைக் கூப்பிட்டேன்.

"படத்தைச் சுருக்கிட்டியா?"

"சுருங்கறதுக்கு அது என்ன துவைச்ச சட்டையாப்பா?"

"மீதி மூணு எம்.பி. எங்க?"

"இந்தப் போன் ஒவ்வொரு படத்தோடயும் மூணு செகண்ட் வீடியோவும் எடுக்கும். அது தனி ஃபைல். நீங்க படத்தை மட்டும் எடுத்துட்டு வந்திருக்கீங்க."

3

(இங்கே கதாநாயகர்மேல், அதாவது என்மேல், எனக்கே சந்தேகம் வருகிறது. இதுவரை அவரை விறைப்பாக எழுதிவிட்டேன்.)

முந்நூற்று ஏழாவது படம். எல்லோரும் சாப்பிடப் போய்விட்ட காலி மண்டபத்தில் நான் கைகட்டி, உதட்டை இறுக்கி, தூண்போல நிற்கிறேன். இளையவள் அதை விரலால் அழுத்தினாள். படம் அசைந்தது; மண்டபத்துப் பாட்டும் மெல்லக் கேட்டது. தூண் ஆடிக்கொண்டிருந்தது! இடுப்பை ஒடித்து, விரலைச் சொடுக்கி. கேமராவைக் கண்டதும் விறைத்தது. எடுத்தாயிற்று என்று நினைத்து மறுபடி ஆடியது.

அதற்குச் சற்று முன்புதான், ஆடக் கூப்பிட்ட சம்பந்தியிடம் "எங்க வீட்டுல யாரும் ஆடறதில்ல" என்று சொல்லியிருந்தேன்.

"இதை மட்டும் எடுத்துடும்மா."

"சரிப்பா. குறைச்சே குடுத்துடலாம்."

"குறைச்சா?"

"நீங்கதானே சொல்றீங்க!"

அதற்குப் பிறகு பதினொரு முறை பார்த்துவிட்டேன். ஆட்டம் மோசமில்லை.

4

முடிவு ஒன்று: படங்களை மட்டும் கொடுக்கிறேன். மானம் தப்பியது. ஆனால் வாக்கு...

முடிவு இரண்டு: முழுவதையும் கொடுக்கிறேன். வாக்கு நின்றது. ஆனால் மானம்...

(இரண்டு வாக்கியங்களும் முடிய மறுக்கின்றன.)

மேசைமேல் இரண்டு பென்டிரைவ்கள். சிறியதில் படங்கள் மட்டும், பெரியதில் எல்லாம். வாசலில் குரல் கேட்கிறது.

"என்ன சம்பந்தி, படமெல்லாம் ரெடியா?"

வாசகரே, இரண்டில் ஒன்றை எடுத்து நீங்களே கொடுத்துவிடுங்கள். நான் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொள்கிறேன். பெரியதை எடுத்தால், பாட்டுச் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைக்கச் சொல்லுங்கள்.