பக்கத்து சீட்டுக்கும் சேர்த்து

அக்காவுக்கு என்ன கொடுப்பது என்று யோசித்து யோசித்தே தம்பிக்குப் பாதி முடி கொட்டிப்போயிற்று. மீதிப் பாதி மாத்திரையால் கொட்டியது என்று அவன் மனைவி சொல்வாள். எதுவோ, கொட்டியது கொட்டியதுதான்.

யோசிக்காமல் என்ன செய்வான்? தன் உடம்பிலிருந்து ஒரு கிட்னியையே எடுத்துக் கொடுத்தவள் அக்கா. அதற்கு ஈடாக எந்தக் கடையில் போய் எதை வாங்குவது, நீங்களே சொல்லுங்கள். அவன் தச்சு வேலை செய்பவன். உடம்பு தேறி எழுந்ததும் முதல் வேலையாக அவளுக்கு ஒரு கட்டில் செய்தான். கால் கடைந்து, வார்னிஷ் போட்டு, ஆள் வைத்துத் தூக்கிக்கொண்டு போய் வாசலில் இறக்கினான். அக்கா அதைத் தடவிப் பார்த்தாள்.

"அழகா இருக்குடா. உன் வீட்லயே போட்டுக்கோ. நீ நல்லாத் தூங்கணும்."

கட்டில் வந்த வழியே திரும்பிப் போயிற்று. அடுத்து அலமாரி. அதுவும் அப்படியே. "அக்கா, நீ மட்டும் அன்னைக்கு..." என்று அவன் வாயைத் திறந்தாலே போதும், "சாப்பாட்டுல உப்பைக் குறைச்சியா இல்லையா?" என்று கேட்டு அவன் வாயை அடைத்துவிடுவாள். நன்றி என்ற சொல் அவன் தொண்டையிலேயே குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது.

கடைசியில் அவன் கண்ணில் பட்டது அந்த வண்டி.

அக்காவிடம் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. சிவப்பு நிறம், ரெண்டே சீட்டு, கூரையை மடக்கிப் பின்னால் தள்ளிவிட்டால் தலைக்கு மேல் வானம். மனிதனாய்ப் பிறந்திருந்தால் அந்த வயதுக்கு அது கல்யாணம் முடித்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். கண்ணாடிக் கடையில் பிரேமுக்குத் தக்கபடி லென்ஸ் தேய்த்துப் பொருத்துவது அக்காவின் வேலை. நாள் முழுக்கக் குனிந்து கிடந்த கழுத்தை அந்த வண்டியில்தான் நிமிர்த்துவாள். அவள் புருஷன் அதில் ஏறமாட்டார். "ஏறுறது பெரிசில்ல, இறங்க ரெண்டு பேர் தூக்கணும்" என்பார் மாமா. அதனால் பக்கத்து சீட்டு எப்போதும் தம்பிக்குத்தான்.

ஆனால் அவன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒருநாள், அவசரமாய் ஓட்டி வந்த அக்கா ஒரு பள்ளத்தில் இறக்கி, முன்சக்கரத்து ரிம் விரிசல் விட்டது. பழைய வண்டி, அதற்கு அந்த ரிம் இப்போது எங்கும் கிடைப்பதில்லை. அன்று கொட்டகையில் தார்ப்பாயைப் போர்த்தி நிறுத்தியதுதான். டயரில் காற்று இறங்கி, வண்டி தரையோடு தரையாய்ச் சப்பி உட்கார்ந்திருந்தது.

வண்டிகளைப் பிரித்து விற்கும் ஒருவரிடம் நாலு அலாய் வீல் இருப்பதாகக் கேள்விப்பட்டுத் தம்பி ஓடினான். ஐந்து விரல்களை விரித்த மாதிரி ஐந்து கம்பிகள். என்ன பளபளப்பு! பழைய ரிம் பதினாலு இஞ்ச், இது பதினாறு. போல்ட் துளைகளுக்குப் பலகையில் அச்சு வெட்டி வைத்திருந்தான். அது கச்சிதமாகப் பொருந்தியது. வாங்கிக்கொண்டு வந்து அக்கா முன்னால் நிறுத்தினான்.

அக்கா வழக்கம் போல 'உன் வீட்லயே வெச்சுக்கோ' என்று சொல்லப்போகிறாள் என்று அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் குந்தி உட்கார்ந்து ஒரு வீலைச் சுழற்றிப் பார்த்தாள்.

"இது பொருந்துமாடா நம்ம வண்டிக்கு?"

"பொருந்தாம?"

"பொருந்தினா மாட்டு. பொருந்தலன்னா இதையும் கட்டிலுக்குப் பக்கத்துல போட்டுக்கோ."

இத்தனை நாளில் முதல் தடவையாக அவள் ஒன்றை வாங்கிக்கொள்ளச் சம்மதித்திருக்கிறாள். அவனுக்குக் கை கால் ஓடவில்லை. இனி டயர் மட்டும் வாங்க வேண்டும். டயர் பொருந்தினால் அக்கா மறுபடி ஓட்டுவாள். பொருந்தாவிட்டால் தார்ப்பாய்தான்.

டயர்க் கடைக்காரரை ஊரே காத்தண்ணன் என்றுதான் கூப்பிடும். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே சட்டென்று ஞாபகம் வராது. தம்பி தான் அளந்து கொண்டுவந்த டயர் உயரத்தைச் சொன்னான். காத்தண்ணன் அதிலிருந்து ரிம்மைக் கழித்தார், அவனை ஏற இறங்கப் பார்த்தார், மறுபடி கழித்தார்.

"தம்பி, ரிம் போக மேலயும் கீழயும் மூணு விரல்கூட மிச்சமில்ல. இதுக்கு டயர் வேணாம். ஸ்டேஷனரிக் கடையில ரப்பர் பேண்ட் கேளு."

"நான் அளவுல தப்பு பண்ண மாட்டேன் அண்ணே. மில்லிமீட்டர் சுத்தமா அளந்தேன்."

"எதை அளந்தே?"

"வண்டியில இருக்கற டயர் நாலும் காத்து இறங்கிச் சப்பியிருக்கு. அதை அளந்தா கணக்கு தப்பும்ல? அதான் டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியை அளந்தேன். காத்தடிச்சு கிண்ணுனு இருந்துச்சு."

காத்தண்ணன் தலையில் கையை வைத்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அந்த மாதிரிச் சின்ன ஸ்போர்ட்ஸ் காரில் டிக்கியில் இடம் ஏது? அதனால் ஸ்டெப்னி என்று ஒரு சோனி டயரைத்தான் கம்பெனியிலேயே வைத்திருப்பார்கள். அகலமும் கம்மி, உயரமும் கம்மி. பஞ்சரானால் நொண்டிக்கொண்டு வீடு வந்து சேர்வதற்கு மட்டும். இவன் அதைப் போய் மில்லிமீட்டர் சுத்தமாக அளந்திருக்கிறான். தம்பி நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"சரி, விடு. இருக்கற டயர்ல என்ன நம்பர் போட்டிருக்கு? அதைப் பார்த்திருந்தா இவ்ளோ கஷ்டமே இல்லையே."

தம்பி அக்கா வீட்டுக்கு ஓடி, சப்பிய டயரைத் துடைத்துப் படித்துக்கொண்டு வந்தான். நூற்றெண்பத்தைந்து, அறுபது, பதினாலு. காத்தண்ணன் குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார்: முதல் நம்பர் டயரின் அகலம், மில்லிமீட்டரில். நடு நம்பர் டயரின் கன்னம். அகலம் நூறு பங்கு என்றால் கன்னத்தின் உயரம் அதில் இத்தனை பங்கு. கடைசி நம்பர் ரிம், இஞ்ச் கணக்கில்.

"இப்ப ரிம் ரெண்டு இஞ்ச் வளர்ந்துடுச்சு. கன்னம் அவ்வளவுக்கு ஒட்டணும். வெளிச் சுத்து மட்டும் மாறக்கூடாது. மாறினா ஸ்பீடு மீட்டர் பொய் சொல்லும், இல்லன்னா டயர் மட்கார்டுல உரசும். என்கிட்ட இருநூத்தியஞ்சு, நாப்பத்தஞ்சு, பதினாறு இருக்கு. உன் பழைய டயரைவிட ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூட உயரம். அகலமும் கூட. ஏறலாம், உரசலாம். மாட்டிப் பார்த்துட்டு வேணாம்னு திருப்பிக் குடுத்தா எடுத்துக்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

மாட்டாமல் எப்படித் தெரியும்? மற்றவர்களாக இருந்தால் துணிந்து மாட்டியிருப்பார்கள், இல்லை கைவிட்டிருப்பார்கள். இவன் தச்சன். ஜன்னல் சட்டம் செய்யும் முன் அட்டையில் வெட்டி வைத்துப் பார்க்கிறவன். பட்டறைக்குப் போய் பிளைவுட்டை அடுக்கடுக்காக ஒட்டி, அந்த டயரின் அதே உயரம், அதே அகலத்தில் ஒரு மர வளையம் செய்தான். ரெண்டு அரை வட்டமாக அறுத்து, அலாய் வீலைச் சுற்றி அணைத்து, திருகாணி போட்டு முடுக்கினான். மரத்தில் ஒரு டயர்!

அதை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக் கொட்டகைக்குப் போனபோது, வேடிக்கை பார்க்கக் காத்தண்ணனும் கடையைச் சாத்திவிட்டு வந்துவிட்டார்.

"தம்பி, வண்டிக்கு மாடு எங்கே கட்டப் போறே?"

"அதான் நீங்க வந்துட்டீங்களே அண்ணே."

மாமா வாசலில் நின்று வயிறு குலுங்கச் சிரித்தார். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. மர வளையத்தின் விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தாள். லென்ஸ் விளிம்பைப் பார்க்கிற அதே பார்வை.

மற்ற மூன்று டயர்களுக்கும் காற்றடித்தார்கள். விரிசல் விட்ட ரிம் இருந்த இடத்தில், பக்கத்து சீட்டுப் பக்கம், மரச் சக்கரத்தை மாட்டினார்கள். திருப்பும்போது மரம் தேயாமல் இருக்க அடியில் எண்ணெய் தடவிய தகரம். மர வளையத்தின் விளிம்பெல்லாம் தம்பி சாக்பீஸ் பூசினான். எங்கே உரசினாலும் அங்கே வெள்ளையாகக் காட்டிக்கொடுத்துவிடும்.

அக்கா ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை திருப்பினாள். தம்பி தரையில் படுத்துப் பார்த்தான். மட்கார்டு ஓரத்துக்கும் மரத்துக்கும் நடுவில் அவன் சுண்டு விரல் போய் வந்தது. சாக்பீஸ் எங்கும் படவில்லை.

"பொருந்துது அக்கா! பொருந்துது!" கீழே படுத்தபடியே கத்தினான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தூசி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"எந்திரிச்சு வந்து நீயும் ஏறு."

"நான் எதுக்கு?"

"ஏறுடான்னா."

ஏறினான். வண்டி அந்தப் பக்கம் மெல்லத் தாழ்ந்தது. அக்கா ஸ்டியரிங்கைத் திருப்பினாள். பாதி கூடத் திரும்பவில்லை, கர்ரென்று ஒரு சத்தம், பல் கூசியது. இறங்கிப் பார்த்தால் மட்கார்டு ஓரத்தில் ஒரு முழ நீளத்துக்கு வெள்ளைக் கோடு.

எல்லோரும் தம்பியின் வயிற்றைப் பார்த்தார்கள். முன்பெல்லாம் காற்றடித்தால் பறந்துவிடுவான் என்கிற மாதிரி இருந்தவன், கிட்னி மாற்றிய பிறகு ருசி திரும்பி, பசி திரும்பி, மாத்திரையும் சேர்ந்துகொண்டு, சட்டைப் பொத்தான் தெறிக்கிற தொப்பையோடு நின்றான்.

"ஆக டயர்ல கோளாறு இல்ல" என்றார் மாமா. "மாப்பிள்ளைகிட்டதான்."

"மட்கார்டு ஓரத்தைச் சுத்தியால தட்டி உள்ள மடக்கிடலாம்" என்று காத்தண்ணன் ஆரம்பித்தார்.

"அதுமேல சுத்தி பட்டா உங்க மேலயும் படும்" என்றாள் அக்கா.

தம்பி அசடு வழியச் சிரித்தான். "எதுக்கு இவ்ளோ யோசனை? அக்கா தனியா ஓட்டினா உரசலையே. இதே சைஸ் கடையில இப்பவே இருக்கு. இன்னைக்கே போட்டுடலாம். நான் ஏறலன்னா போச்சு. நான் பின்னாடி ஸ்கூட்டர்ல வரேன்."

"வேற சைஸ் இல்லையா அண்ணே?" அக்கா அவனைப் பார்க்காமல் கேட்டாள்.

"நூத்தித் தொண்ணூத்தஞ்சு, நாப்பத்தஞ்சு, பதினாறு. ஒரு சுத்து மெலிசு. பழைய டயருக்கும் அதுக்கும் நாலு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். இந்த ரிம் அகலத்துக்கு நல்லா உட்காரும். ஆனா கடையில இல்லம்மா. சொல்லி வெச்சு வரணும். எப்ப வரும்னு என்னால சொல்ல முடியாது."

"பாத்தியா" என்றான் தம்பி. "அதுவரைக்கும் வண்டியை மூடியா வைக்கப்போறே? வேணும்னா நான் இளைக்கறேன் அக்கா. சோத்தைப் பாதியாக் குறைச்சா..."

அக்கா அவன் பக்கம் திரும்பினாள். சத்தம் போடவில்லை, சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை.

"நீ இளைச்சுக் கிடந்ததை ஒரு தடவை பார்த்தாச்சு. போதும். டயர் இளைக்கட்டும்."

அக்கா கீழே கிடந்த தார்ப்பாயைக் கையில் எடுத்தாள்.

"ரிம் உடைஞ்சதாலயா வண்டியை மூடி வெச்சேன்னு நினைச்சே? நாலு ரிம் தேட எனக்குத் தெரியாதா? நீ ஆஸ்பத்திரியில இருந்தப்போ தினம் இதுலதான் வந்தேன். பக்கத்து சீட்டைப் பார்க்கவே முடியலடா. ரிம் உடைஞ்சது சாக்காப் போச்சு." தார்ப்பாயின் ஓரத்தைக் கையில் கசக்கிக்கொண்டே சொன்னாள். "ஒரு கிட்னி குடுத்தேன், அதுக்குப் பதிலா உன் முழு உடம்பு எனக்குத் திரும்பி வந்துச்சு. யாரு யாருக்குக் கடமைப்பட்டது? அந்தத் தொப்பை நான் போட்டது. அதோட சேர்ந்துதான் நீ ஏறணும். அதுக்கு எந்த டயர் பொருந்துதோ அதைப் போடு."

இத்தனை நாளும் தான் மட்டும்தான் கடன்காரன் என்று குனிந்து நடந்தவன் அவன். இவளும் தன்னைப் போலவே யாருக்கோ கும்பிடு போட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள் என்று இப்போதுதான் உறைத்தது.

சொல் வராதவனுக்குக் கை வந்தது. மர வளையத்தைக் கழற்றினான். அங்கேயே உட்கார்ந்து, இழைப்புளியும் அரமுமாகச் சுற்றிலும் சீவ ஆரம்பித்தான். உயரத்தில் கொஞ்சம், அகலத்தில் கொஞ்சம். சுருள் சுருளாய் மரச் சீவல் அவன் மடியில் விழுந்தது. மாமா சத்தமில்லாமல் போய் எல்லோருக்கும் காபி கொண்டுவந்தார். காத்தண்ணன் அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் ஒரு மில்லி... அவ்வளவுதான், நிறுத்து" என்றார்.

மறுபடி சாக்பீஸ், மறுபடி மாட்டல், இருவரும் மறுபடி ஏறினார்கள். ஸ்டியரிங் இந்தக் கோடி, அந்தக் கோடி. காத்தண்ணன் குனிந்து பார்த்துவிட்டு, ஒரு தீக்குச்சியை இடைவெளியில் விட்டு எடுத்துக் காட்டினார்.

"போயிட்டு வருது."

டயர் வரத் தாமதமாயிற்று. தம்பி தினமும் கடை வாசலில் போய் நிற்பான். "பிரசவ வார்டு வாசல்ல நிக்கற மாதிரி நிக்காதே, வியாபாரம் கெடுது" என்று காத்தண்ணன் விரட்டுவார். ஒரு வழியாக வந்தது. நாலையும் ஏற்றி, காற்றடித்து, வண்டியைத் தரையில் இறக்கினார்கள். ஐந்து விரல் வீல்கள் மட்கார்டுக்குள் அளவாக அடங்கி நின்றன. மாமா கைதட்டினார், ஏறத்தான் மாட்டேன் என்றார்.

கூரையை மடக்கிவிட்டு அக்கா வண்டியைத் தெருவில் இறக்கினாள். தெருக்கோடியில் வட்டமடித்துத் திரும்ப வேண்டும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால்தான் அங்கே திரும்பும். தம்பி சீட்டில் நுனியில் உட்கார்ந்து, கதவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, வயிற்றை முதுகோடு ஒட்டும்படி எக்கி வைத்திருந்தான்.

"என்னடா பண்றே?"

"பாரத்தைக் குறைக்கறேன்."

"எக்கினா எடை குறையுமா, மண்டு? சாஞ்சு உக்காரு."

அக்கா ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தாள். இருவரும் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எஞ்சின் சத்தம் கேட்டது, காற்றின் சத்தம் கேட்டது. வேறு எதுவும் கேட்கவில்லை. அவள் நேரே வீட்டுப் பக்கம் விடாமல், இன்னொரு வட்டம் அடித்தாள். அப்புறம் இன்னொன்று.

தம்பி வயிற்றைத் தளர்த்தினான். மூச்சை விட்டான். கதவைப் பிடித்த கையை எடுத்து, தன் முழு எடையையும் சீட்டில் சாய்த்து உட்கார்ந்தான்.