இன்னும் ஊட்டியில் இருக்கிறேன்

திருடர்கள் காலையிலேயே வந்துவிட்டார்கள். நான் வீட்டில் இருந்தது அவர்களுக்குப் பெரிய சங்கடமாகிவிட்டது.

நான்கு பேர். வேட்டி, வெள்ளைச் சட்டை. கையில் தாம்பாளம். அதில் வெற்றிலை பாக்கு, ஆப்பிள், மல்லிகைப் பூ. செருப்பை வாசலில் வரிசையாகக் கழற்றி விட்டிருந்தார்கள்.

"ஏனுங்க, நீங்க ஊட்டி போகலீங்களா?" என்றார் மூத்தவர். மாரப்பன் என்று பெயர் சொன்னார்.

"போகலீங்க."

"போறோம்னு போட்டிருந்தீங்களே?"

போட்டிருந்தேன். பெட்டி கட்டி, படம் பிடித்து, முகநூலில் போட்டிருந்தேன். 'குடும்பத்துடன் ஊட்டி! ஞாயிறு வரை வீட்டில் யாரும் இல்லை!' அதற்குப் பிறகுதான் மனைவி ருக்குமணிக்குக் காய்ச்சல் வந்தது. பயணம் ரத்து. அதை நான் போடவில்லை. காய்ச்சலுக்கு யார் லைக் போடுவார்கள்?

"நாங்களும் ஒரு லைக் போட்டுப்போட்டுத்தானுங்க கெளம்புனோம்" என்றார் மாரப்பன். "சொல்லாம கொள்ளாம வர்ற பழக்கம் எங்களுக்கு இல்லீங்க."

வந்தவர்களுக்கு முதலில் தண்ணீர் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். ருக்குமணி போர்வையோடு எழுந்து வந்து சொம்பில் கொடுத்தாள். குடித்தார்கள். ஒருவர் நேராக முருகன் படத்துக்குப் போய்ப் பின்னால் கைவிட்டு பீரோ சாவியை எடுத்தார். தேடவே இல்லை.

"பொங்கல் படத்துல சாவி ஓரமாத் தெரிஞ்சுதுங்க" என்றார். "நல்ல தெளிவா எடுத்திருந்தீங்க."

"நன்றிங்க" என்றேன்.

"காசுமாலை மேல் தட்டுங்களா, கீழ் தட்டுங்களா?"

"மேல் தட்டு." கல்யாண நாள் பதிவில் காசுமாலையையும் காட்டியிருந்தேன். இனி மறைப்பது அழகில்லை.

இருந்தாலும் போலீசுக்குப் போன் செய்தேன். எடுத்தவர் பெயர் கேட்டார். நல்லசிவம் என்றேன். உடனே முகநூலைத் திறந்தார். என் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க நாய் டைகர் செத்துப்போச்சா? பாவம்."

"வீட்ல திருடங்க இருக்காங்க சார்."

"நீங்க எங்க இருக்கீங்க?"

"வீட்லதான்."

"இதுல ஊட்டின்னு போட்டிருக்கு. அங்க போயிப் புகார் குடுங்க."

அதற்குள் காம்பவுண்டுச் சுவர் மேல் பக்கத்து வீட்டு சுலோச்சனாக்காவின் தலை முளைத்தது.

"ஏப்பா நல்லசிவம், இன்னுமா போகல? ரோசாப்பூ படம் வச்சு, நல்லபடியாப் போயிட்டு வாங்கன்னு எழுதியிருந்தேன். இப்ப நான் மூஞ்சிய எங்க வச்சுக்கறது?"

மாரப்பன் என் தோளில் கை வைத்தார். "ரெண்டு பேரும் கெளம்புங்க. நீங்க இருக்கறப்ப திருடுனா மரியாதையா இருக்காதுங்க." பெட்டியை அவரே தெருமுனை வரை தூக்கி வந்தார். "வர்றப்ப டீக்குத் தொட்டுக்க வர்க்கி வாங்கிட்டு வாங்க."

மலைப்பாதையில் நான் போனைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு வளைவு கூடியது. பேருந்தில் எல்லோரும் வாந்தி எடுத்தார்கள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"எதுவானாலும் வந்த பொறகு போடுங்கன்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேன்" என்றாள் ருக்குமணி. "கேட்டீங்களா?"

கேட்டேன். அவள் சொன்னதையும் ஒரு நகைச்சுவையாகப் போட்டிருந்தேன். நிறையப் பேர் சிரித்திருந்தார்கள்.

ஏரிக்கரையில் சிவப்பு ஸ்வெட்டரில் நின்றேன். சிரித்தேன். ருக்குமணி படம் எடுத்தாள். அதையும் போட்டேன். முதல் ஆளாக மாரப்பன் எழுதினார்: 'சூப்பருங்க. அவசரப்படாதீங்க.'

ஞாயிற்றுக்கிழமை வர்க்கிப் பொட்டலத்தோடு திரும்பினோம். ஜன்னலில் புதுத் திரை. கதவைத் திறந்த மாரப்பன் என் லுங்கியைக் கட்டியிருந்தார்.

"யாருங்க வேணும்?"

"நான்தானுங்க. வீட்டுக்காரன்."

"அவரு ஊட்டியில இருக்காருங்களே." போனைக் காட்டினார். ஏரி. சிவப்பு ஸ்வெட்டர். "பாருங்க, இன்னும் நிக்கறாரு."

பார்த்தேன். நின்றுகொண்டுதான் இருந்தேன்.

"அது நான்தான்" என்றேன்.

"அப்ப நீங்க அங்கதானுங்க இருக்கோணும்."

படத்தை அழித்துவிடலாம் என்று போனை எடுத்தேன். கடவுச்சொல் கேட்டது. டைகர் என்று அடித்தேன். யாரோ மாற்றிவிட்டார்கள் என்றது. மாரப்பன் வேறு பக்கம் பார்த்தார்.

"நானு?" என்றாள் ருக்குமணி.

"அம்மிணி படத்துலயே இல்லீங்களே. உங்களுக்கென்ன, வாங்க வாங்க."

ருக்குமணி என்னைப் பார்த்தாள். வீட்டைப் பார்த்தாள். அவளுக்கு இன்னும் காய்ச்சல் விடவில்லை. என் கையிலிருந்த வர்க்கியை வாங்கிக்கொண்டாள்.

"அங்க குளுரும். காதுக்குத் துணி கட்டிக்குங்க" என்றாள்.

"படத்துல துணி கட்டல" என்றேன்.

அவள் உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே சொம்பில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. முதலில் தண்ணீர்தான் கொடுத்தார்கள்.

ஊட்டியில் என் இடம் காலியாகவே இருந்தது. ஈர மண்ணில் என் காலடி இரண்டும் அப்படியே பதிந்திருந்தன. அவற்றின் மேல் நின்றேன். சிரித்தேன்.

அப்போதுதான் கவனித்தேன். ஏரியைச் சுற்றி வரிசையாக ஆட்கள் நின்றிருந்தார்கள். விரலால் இதயம் காட்டிக்கொண்டு ஒரு ஜோடி. குதிரை மேல் ஒரு குடும்பம். எல்லோரும் சிரித்தார்கள். யாரும் அசையவில்லை. குதிரை மட்டும் அவ்வப்போது வாலை ஆட்டியது.

எனக்குப் பக்கத்தில் துடுப்போடு ஒருவர் நின்றார். சிரித்த வாயை மூடாமலே கேட்டார்.

"எந்த ஊருங்க?"

"ஈரோடுங்க."

"ஈரோட்ல எங்க?"

கேட்பதற்கு ஓர் ஆள் கிடைத்ததில் மனசுக்கு இதமாக இருந்தது. பல்லைக் காட்டியபடியே தெருப் பெயரைச் சொன்னேன். மஞ்சள் கேட், வாசலில் செவ்வரளி என்றேன். சாவி முருகன் படத்துக்குப் பின்னால் என்றேன்.