மாப்பிள்ளைப் படகின் கயிறு

மாப்பிள்ளை வீட்டார் வெற்றிலை பாக்குத் தட்டும் வறுத்த பன்றியுமாகப் படித்துறைக்கு வந்துவிட்டார்கள். பெண் வீட்டுக்குப் போகும் படகும் தயார். மோட்டாரை இழுத்துக் கிளப்பும் கயிறு மட்டும் லுவாவின் சட்டைப் பைக்குள் இருந்தது.

"கயிறக் குடு," என்றான் அவள் கணவன் சாங். படகு அவனுடையது. ஆனால் சளி பிடித்து மூக்கு சிவந்து, கண் பாதி மூடிக் கிடந்தது. காலையில் ஒரு மாத்திரைப் பொட்டலத்தைப் பிரித்து மொத்தமாக வாயில் போட்டிருந்தான். அது போதாதென்று வீட்டிலிருந்த சளி டானிக்கையும் இரண்டு மூடி ஊற்றிக் குடித்திருந்தான். பொட்டலத்தின் மேல் பெயர் கிடையாது. உள்ளே மஞ்சள், வெள்ளை, பாதியாக வெட்டிய நீலம். அந்த ஊர்க் கடையில் மருந்து அப்படித்தான் வரும். என்னவென்று கேட்டால் 'சளிக்கு' என்பார்கள், அத்தோடு சரி.

"குடுக்க மாட்டேன். இப்பதான் மேஜைன்னு நெனச்சு காப்பி டம்ளர அந்தரத்துல வெச்சீங்க. பெரிய ஆத்துல மணல் கப்பல் வருது. இத்தன பேரையும் தூக்கத்துல கொண்டு போய் அதுல மோதவா?"

மாப்பிள்ளையின் அப்பா ஹாவ் கடிகாரத்தைப் பார்த்தார். "நல்ல நேரம் போகுது லுவா. பொண்ணு வீட்ல என்ன நெனப்பாங்க?"

"நான் ஓட்டுறேன் மாமா."

எல்லோர் கண்ணும் அவள் நெஞ்சுக்குப் போனது. அங்கே கறுப்புத் துணித்துண்டு குத்தியிருந்தது. அப்பா செத்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. துக்கம் காக்கிறவள் கல்யாணப் பக்கமே வரக் கூடாது. அவள் கையில் மாப்பிள்ளைப் படகின் சுக்கானா? மற்ற படகுகளோ, ஓட்டத் தெரிந்த ஆட்களோடு விடியுமுன்பே சந்தைக்குப் போய்விட்டன.

"அந்தத் துணியையாவது கழட்டி வையேன்," என்றார் ஹாவ்.

"அவரு எங்கப்பா மாமா. வாசல்ல கழட்டி விட்டுட்டு வர்றதுக்குச் செருப்பா?"

அப்போது பட்டு உடுப்பும் மூக்கில் கைக்குட்டையுமாக பிக் அத்தை முன்னால் வந்தாள். மாப்பிள்ளைக்கு அத்தை, மருந்துக் கடையும் அவளுடையதுதான். "ஒரு சளி மாத்திரைக்கா இந்த ஆர்ப்பாட்டம்? என் கையால குடுத்தது. ஒண்ணும் பண்ணாது."

"பேரு என்ன அத்தை?"

"பேரு என்னத்துக்கு? நீ என்ன டாக்டரா?"

லுவாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாங்கின் பையில் கிடந்த இன்னொரு பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். "ஒண்ணும் பண்ணாதில்ல? உங்களுக்கும் மூக்கு ஒழுகுது. முழுங்குங்க."

"நான் எப்படிடி முழுங்குறது? கல்யாணத்துல உக்காந்து தூங்கி வழியவா?"

சொன்ன பிறகுதான் அத்தைக்கே உறைத்தது.

"நான் தூங்கல," என்று கண்ணை மூடியபடியே சொன்னான் சாங்.

மாப்பிள்ளையின் அம்மா உடுப்பின் நுனியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முதல் ஆளாகப் படகில் இறங்கினாள். பின்னாலேயே மற்றவர்களும் இறங்கினார்கள். சாங்கைக் கைத்தாங்கலாகப் பிடித்து வந்து பன்றிக்குப் பக்கத்தில் படுக்க வைத்தார்கள். ஹாவ் கடைசியாக ஏறினார். "ஏதாவது ஆச்சுன்னா உன் துக்கத்தாலதான்."

"கரை சேந்து சொல்லுங்க மாமா," என்று கயிற்றைச் சுற்றி இழுத்தாள் லுவா.

பெரிய ஆற்றில் பாதி கடந்திருப்பார்கள். வளைவிலிருந்து மணல் கப்பல் ஒன்று சங்கூதிக்கொண்டு வந்தது. பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டன. லுவா சுக்கானை ஒடித்துத் திருப்பினாள். படகு சாய்ந்து, பாக்குகள் உருண்டு, கப்பல் பக்கத்தில் மலைபோல் கடந்து போனது. ஹாவ் திரும்பி சாங்கைப் பார்த்தார். அத்தனை சத்தத்துக்கும் அவன் அசையவில்லை; வாயைத் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

லுவா சுக்கானை நேராக்கினாள்.

"இவர இப்படித் தூங்க வெச்ச மாத்திர பேரு என்ன அத்தை?"

பிக் அத்தை தண்ணீரைப் பார்த்தாள். படகே அவளைப் பார்த்தது. மெதுவாகப் பெயரைச் சொன்னாள்.

"சத்தமா," என்றார் ஹாவ்.