அனுமதி வாங்கிப் போன குரல்

லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவியுடைய குரல் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், அவரிடம் முறையாக அனுமதி கேட்டு, அவர் 'ம்' என்று சொன்ன பிறகுதான் வீட்டை விட்டுப் போனது. தெருவில் யாரும் குரலைக் குறை சொல்லவில்லை. மனைவி வழக்கம்போல் சமைத்தாள், துவைத்தாள், மகளுக்குத் தலை பின்னினாள். வாயைத் திறந்தால் மட்டும் வெறும் காற்று வந்தது. மெக்கானிக்குக்கு இது தெரியவே ஒரு வாரம் பிடித்தது. ஊரில் அவருக்குப் பாம்புச்செவி என்று பெயர். ஓடும் மோட்டாரில் திருப்புளியின் நுனியை வைத்து, பிடியைக் காதில் அழுத்தி, உள்ளே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். வீட்டுக்கு வரும்போது அந்தக் காதையும் கருவிப் பையோடு சேர்த்து வாசலில் கழற்றி வைத்துவிடுவார் போலிருக்கிறது.

கடவுளுக்கு மட்டும் அவர் காதைத் தீட்டியே வைத்திருந்தார். தினமும் காலையில் பின்னறைக் கதவைச் சாத்தி, கண்ணை மூடி உட்கார்ந்து, "கடவுளே, உன் பக்கத்துல வந்து உக்காரணும், ஏதாவது ஒரு வழி சொல்லு" என்று வருஷக்கணக்காகக் கெஞ்சினார். பதில் வரவில்லை என்ற மனத்தாங்கல் அவருக்கு நிறையவே இருந்தது. அதே நேரத்தில் கதவுக்கு அந்தப் பக்கம் மனைவி ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பாள். அவர் கண்ணைத் திறக்காமலே உம் கொட்டுவார். 'ம்' ரொம்ப வசதியான எழுத்து. கேட்கிறேன் என்றும் எடுத்துக்கொள்ளலாம், சரி என்றும் எடுத்துக்கொள்ளலாம். நடந்ததை மகள்தான் போட்டு உடைத்தாள்.

"அம்மா உங்ககிட்ட கேட்டுட்டுதான் நிறுத்துனாங்கப்பா. 'இனிமே பேசாம இருந்துக்கட்டுமா'ன்னாங்க. நீங்க 'ம்'னீங்க."

"நான் கவனிக்கலம்மா."

"அது அம்மாவுக்கும் தெரியும்."

குரல் ஊரைத் தாண்டிப் போய்விடவில்லை. சலவைக் கடை இயந்திரத்தில் கொஞ்ச காலம் தங்கி, எந்தத் துணி சாயம் போகும் என்று முன்கூட்டியே சொன்னதில் கடைக்காரருக்கு நல்ல பெயர். பிறகு பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தொட்டிக்கு மாறியது. மெக்கானிக் திருப்புளியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே அலைந்தார். "வீட்டுல இருந்தப்ப சும்மா கிடைச்சதுங்க அது" என்றார் சலவைக் கடைக்காரர், வாடிக்கையாளர்கள் எல்லோரும் கேட்கும்படி. மெக்கானிக்குக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. துணி எடுக்க வந்தவர் போல ஒரு சட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

மழைக்காலத்தில், ஒரு மருத்துவமனை லிஃப்ட் முனகுகிறது என்று கூப்பிட்டார்கள். மொட்டைமாடி மோட்டார் அறையில் திருப்புளியைக் காதில் வைத்தார். பேரிங் நன்றாகத்தான் இருந்தது. உள்ளே மனைவி பேசிக்கொண்டிருந்தாள். "பால் திரிஞ்சு போச்சுங்க." "பாப்பாவுக்கு மேல் சுடுது." "எங்கம்மா போன நாள் இன்னிக்கு." ஒவ்வொன்றுக்கும் பின்னால் அவருடைய சொந்தக் குரலில் ஒரு 'ம்' வந்தது. கடைசியில், "கால் ரொம்ப வலிக்குதுங்க. கொஞ்ச நேரம் பக்கத்துல வந்து உக்காருங்களேன்" என்றாள். அதற்கும் 'ம்' போட்டிருந்தார். போட்டுவிட்டு, உன் பக்கத்தில் உட்கார வழி சொல் என்று கடவுளிடம் மறுபடி ஆரம்பித்ததும் அதே மோட்டாரில் தெளிவாகக் கேட்டது. பாம்புச்செவி கூனிக் குறுகிப் போனார். பதில் வராமல் இல்லை, தினமும் காலையில் தவறாமல் வந்திருக்கிறது. இவர்தான் அதை இடைஞ்சல் என்று நினைத்து உம் கொட்டி அனுப்பியிருக்கிறார். கிரீஸ் படிந்த தரையில் உட்கார்ந்து வெகுநேரம் கழித்துத்தான் எழுந்தார்.

நேராக வீட்டுக்குப் போனார். மனைவி ஜன்னலோரம் தரையில் அமர்ந்து பட்டாணியை உரித்துக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தவர், இங்கேயும் தன் பேச்சுதானா என்று வெட்கப்பட்டு மூடிக்கொண்டார். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. நகர்ந்து போகவும் இல்லை. மறுநாளும் போய் உட்கார்ந்தார். பின்னறைக் கதவு அதற்குப் பிறகு சாத்தப்படவில்லை. மழை நின்றது, வெயில் வந்து போனது, மகள் தானே தலை பின்னிக்கொள்ளும் அளவுக்கு வளர்ந்தாள். அவர் தினமும் அந்த ஜன்னலோரம் உட்கார்ந்து, பட்டாணித் தோல் பிரியும் சத்தத்தையும், அவள் முழங்கால் சொடுக்குவதையும், அவள் மூச்சையும் கேட்டார். கேட்கக் கேட்க, தான் எவ்வளவு காலம் கேட்காமல் இருந்தோம் என்பதுதான் அதிகமாக உறைத்தது.

ஒருநாள் காலை அவர் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தபோது, வெகு அருகில், "கொஞ்சம் நகந்து உக்காருங்க, வெளிச்சத்த மறைக்கிறீங்க" என்று கேட்டது. சொன்னது அவளா, அவர் இத்தனை காலம் கெஞ்சிய ஆளா என்று பாம்புச்செவிக்குப் பிடிபடவில்லை. கேட்கவும் கூச்சமாக இருந்தது. நகர்ந்து உட்கார்ந்தார்.