ஜெபத்தில் சொன்ன பெயர்

எழுபத்தொன்பதாம் வருஷம், ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களான லெந்து காலம். எங்கள் சங்கரன்கோவில் சபையில் வெள்ளிக்கிழமைதோறும் யாராவது ஒருவர் வீட்டில் பெண்கள் ஜெபக்கூட்டம் நடக்கும். நான் டீச்சர் என்பதால் முடிவு ஜெபம் எப்போதும் எனக்குத்தான். நீளமாக ஜெபிப்பேன். கேட்பவர்களுக்குக் கண்ணீர் வரும்படி ஜெபிப்பேன். அதில் எனக்குத் தலைக்கனம் நிறையவே உண்டு.

அடுத்த தெரு அன்னக்கிளி தறியில் வேலை பார்ப்பவள். ஒரு சாயங்காலம் பள்ளிக்கூட வாசலில் என்னை நிறுத்தினாள்.

"டீச்சர், ஒங்ககிட்ட மட்டும் சொல்லுதேன். எம் மவ கிருபைக்குச் சின்னதுலேருந்தே வலிப்பு உண்டு. மாத்திரையில அடங்கிக் கெடக்கு. புளியங்குடிலேருந்து பொண்ணு கேட்டு வாராவ. உண்மைய நானே சொல்லிருவேன், அதுக்குத் தைரியம் வேணும். ஜெபிச்சுக்கிடுங்க."

"கவலப்படாத அன்னக்கிளி. என் நெஞ்சோட இருக்கும்" என்றேன்.

அந்த வெள்ளிக்கிழமை கூட்டம் என் வீட்டில். கண்ணை மூடி, மழைக்காக ஜெபித்தேன், போதகருக்காக ஜெபித்தேன். 'ஸ்தோத்திரம்', 'ஆமென்' என்று சுற்றிலும் சத்தம் கூடக் கூட எனக்கும் வேகம் கூடியது. "ஆண்டவரே, அன்னக்கிளி மகள் கிருபையைத் தொடும்! அந்த வலிப்பு நோயை வேரோடு பிடுங்கிப் போடும்!"

ஒருவரும் ஆமென் சொல்லவில்லை. கண்ணைத் திறந்தேன். வாசலோரம் அன்னக்கிளி குனிந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் புதிதாக ஓர் அம்மாள். மாப்பிள்ளையின் அத்தையாம். பெண் பார்க்க வந்தவரை அன்னக்கிளிதான் ஆசையாகக் கூட்டத்துக்கு அழைத்து வந்திருக்கிறாள், நான் கண்ணை மூடிய பிறகு. அந்த அம்மாள் காப்பிகூடக் குடிக்காமல் பஸ்ஸுக்குக் கிளம்பினார். ஒரே வாரத்தில் சம்பந்தம் வேண்டாம் என்று தகவல் வந்துவிட்டது.

வாய் தவறி வந்துவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன். பொய். 'ஒரு சகோதரியின் மகள்' என்று சொல்லியிருந்தால் ஆண்டவருக்குப் புரிந்திருக்காதா? பெயர் கூட்டத்துக்காகச் சொன்னது. ஊர் ரகசியமெல்லாம் டீச்சரிடம்தான் வருகிறது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும் என்ற ஆசை எனக்கு.

பெரிய வியாழன் அன்று ஆலயத்தில் அப்பமும் திராட்சரசமும் பகிரும் இராப்போஜனப் பந்திக்கு முன், மனஸ்தாபம் உள்ளவர்கள் வீடு தேடிப் போய் ஒப்புரவாவது எங்கள் சபை வழக்கம். போனேன். கிருபைதான் கதவைத் திறந்து, "வாங்க டீச்சர்" என்று நாற்காலி எடுத்துப் போட்டாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கூசியது. நான் அழுததும் அன்னக்கிளி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மன்னிச்சுட்டேன் டீச்சர். மன்னிக்காம நான் எப்படிப் பந்திக்கு வர? ஒண்ணே ஒண்ணு கேக்கேன். இனிமே எம் மவளுக்காக ஜெபிக்காதிய."

அன்று ஆலயத்தில் அவளுக்குப் பக்கத்திலேயே முழங்கால்படியிட்டேன். கையில் அப்பம் வந்தது. கண்ணை மூடியதும் கிருபையின் பெயர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆண்டவரிடம்கூடச் சொல்ல எனக்கு உரிமையில்லாத பெயர். அப்பத்தோடு சேர்த்து அதையும் விழுங்கினேன்.